நீ இறக்கி எழுதிய ஸ்வரம்

வீட்டுக்குள் நுழையும்போதே “என்னா சமையல்?” என்று கேட்கும் என் முகிலன் அண்ணனுக்கு,

இதைக் கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது பார்த்தால் வீட்டுப்பாடம் என்று நினைக்கட்டும். அப்பா படுத்துவிட்டார். விடிகாலையில் எழுந்து அக்கரைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அதனால் வரிகள் கோணலாகப் போகும். பொறுத்துக்கொள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் பாட்டில் கை வைத்துவிட்டேன். தெரியாமல்தான் செய்தேன், ஆனால் தெரியாமல் என்று சொன்னால் அது சரியாகிவிடுமா? இன்று லிம் டீச்சரிடம் சொன்னேன். பள்ளி பேண்டில் எல்லோரிடமும் சொன்னேன். இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. நாளை மதியம் அவர் வேலை முடிந்து வந்ததும் சொல்ல வேண்டும். அதனால்தான் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. உன் கட்டிலில் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணிகள் கிடக்கின்றன. அம்மா உன் கைப்பேசியைத் தினமும் சார்ஜ் போடுகிறார். யாரும் அதில் அழைப்பதில்லை. தைப்பூசத்துக்கு இந்த வருஷம் தண்ணீர்மலை ஏறவில்லை. துக்க வீடு, வருஷம் திரும்பட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எட்டாம் மாடி நடைபாதையில் நின்றால் உறுமிச் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மா கதவைச் சாத்தினார்.

நான் இன்னும் அழவில்லை. சொந்தக்காரர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். மின்சுடலையில் உன்னை உள்ளே அனுப்பும்போதுகூட நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு, மூன்று இரண்டு மூன்று நான்கு. பேண்டில் நம் முறை வரும்வரை வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுவோமே, அப்படி. எத்தனை எண்ணினால் என் முறை வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா உன்னைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ராத்திரி முழுக்க ஜுரு ஃபேக்டரில வேல. வேல முடிஞ்சா வீட்டுக்கு வந்து படுக்கணும்ல? நேரா அந்தப் பழைய ஸ்கூல் பேண்டுக்கு ஓடுனான். தூக்கத்துல மோட்டார் சைக்கிள ஓட்டிக்கிட்டுப் போயி பாலத்துல விழுந்தான். வேற என்ன இருக்கு இதுல?”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்த வீட்டுல இனிமே பேண்டு கிடையாது. அந்தக் குழாயக் கொண்டுபோயி ஸ்கூல்ல குடுத்துடு.”

சரிப்பா என்றேன். கொடுக்கவில்லை. கிளாரினெட்டை ஐந்து துண்டாகக் கழற்றலாம் என்பது அவருக்குத் தெரியாது. விளையாட்டுச் சட்டைக்குள் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டால் பை கொஞ்சம் புடைத்திருக்கும், அவ்வளவுதான். புதனும் வெள்ளியும் டியூஷன் என்று சொன்னேன். இது முதல் பொய்.

இரண்டாவது பொய்யை லிம் டீச்சரிடம் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய அன்று இசை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசினார். உன் அண்ணன் பேண்டுக்காக ஓர் அயர்லாந்து மெட்டை எழுதிக்கொண்டிருந்தானே, அது எதுவரைக்கும் வந்தது என்று கேட்டார். பாதி என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அலமாரியிலிருந்து வேறொரு பாட்டை எடுப்பார். இருபது வருஷமாக எல்லாப் பள்ளிகளும் வாசிக்கிற ஏதாவது ஒன்றை. நான், “முடித்துவிட்டார் டீச்சர்” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இனி இதை யார் முடிப்பது என்று மட்டும் தோன்றியது.

அந்த மெட்டு உனக்குக் கிடைத்த கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். பாடாங் கோத்தா கடலோரத்தில் ஒரு வெள்ளைக்காரர் சுவரில் உட்கார்ந்து சின்னத் தகரக் குழல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். அயர்லாந்துக்காரர், சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர். பாட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு அவர் சொன்ன சொல் உன் வாயில் நுழையவில்லை. யார் இயற்றியது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். யாருடையதும் இல்லாத பாட்டு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாய்.

சில மாதம் உன் மடிக்கணினியைத் தொடவில்லை. பிறகு கட்டிலடியிலிருந்து எடுத்துத் திறந்தபோது பார்த்தேன். அறுபத்து நான்காம் பாரில், அந்தத் தாளக் கட்டத்தோடு, உன் கை நின்றிருந்தது. அதற்குப் பிறகு வெற்றுக் கோடுகள்.

முதல் அறுபத்து நான்கையும் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டை முதலில் ஃப்ளூட்டுக்குக் கொடுத்து, அடியில் டியூபாவை ஒரே ஸ்வரத்தில் நிறுத்தியிருந்தாய். இரண்டாம் சுற்றில் யூஃபோனியத்துக்கு. மூன்றாம் கிளாரினெட்டில் இருக்கும் படிவம் ஒன்றுப் புதுப் பிள்ளைகளுக்கு மேல் ஸ்வரங்கள் இன்னும் பிடிபடாது, கீச்சென்று கத்தும். அவர்கள் வரி முழுவதும் கீழேயே இருந்தது. ஹார்ன் வாசிக்கிற இரண்டு பேரில் ஒருவன் அடிக்கடி வரமாட்டான் என்று தெரிந்து, அதே வரியைச் சாக்ஸபோன் தாளிலும் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தாய், ஆள் இல்லாத அன்று அவர்கள் எடுத்துக்கொள்ள. முப்பத்து நான்கு பேரையும் மனதில் உட்கார வைத்துத்தான் எழுதியிருக்கிறாய்.

அப்புறம் அதைப் பார்த்தேன். பாட்டு எஃப்பில் தொடங்கி எஃப்பிலேயே முடிகிறது. அப்படியென்றால் வரியின் தொடக்கத்தில் ஸ்வரத்தை இறக்கும் குறி, ஃப்ளாட், ஒன்று போதும். நீ இரண்டு போட்டிருந்தாய். இரண்டாவது ஃப்ளாட், பாட்டில் வரும் ஈ என்கிற ஸ்வரத்தை எல்லாம் அரைப்படி கீழே இறக்கிவிடுகிறது. ஐந்தாம் கிரேட் இசைத் தியரிப் பரீட்சையில் எனக்கு நல்ல மதிப்பெண். முடியப் போகிற ஸ்வரத்துக்கு முந்தையது உயர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் அது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.

அண்ணே, அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் போட்டிருப்பான் என்று நினைத்தேன்.

அந்த இரண்டாவது ஃப்ளாட்டை எடுத்தேன். மென்பொருள் விடவில்லை. எடுத்த உடனே ஒவ்வொரு ஈயின் முன்னாலும் தனித்தனியாக ஒரு ஃப்ளாட் போட்டது. எழுதியவன் கேட்டது இந்தச் சத்தம்தான், நான் மாற்ற மாட்டேன் என்பது போல. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டு நாள் பிடித்தது. உன் தவறை உலகத்துக்குத் தெரியாமல் மறைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பழைய ஃபைலின் மேலேயே சேமித்தேன்.

பிறகு அறுபத்து ஐந்திலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை நானே எழுதினேன். டிரம்பெட்டுகள் படிப்படியாக ஏறி, உயர்த்திய அந்த ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி, கடைசியில் எஃப்பில் போய் விழுகிற மாதிரி. அப்பா வேலைக்குப் போயிருக்கும்போது எழுதுவேன். வாசலில் சாவிச் சத்தம் கேட்டால் மூடிக் கட்டிலடியில் தள்ளிவிடுவேன். மூன்று வாரம். எல்லாம் முடிந்ததும் முதல் பக்கத்தின் வலது மூலையில், மெட்டைப் பேண்டுக்கு அமைத்தவர் பெயர் எழுதும் இடத்தில், உன் பெயரை மட்டும் எழுதி டீச்சருக்கு அனுப்பினேன்.

பேண்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சரவணனைத் தெரியும்தானே, உன்னிடம் ஹார்ன் கேட்டு நச்சரித்தவன். அவன் மட்டும் முதல் நாளே ஆரம்பித்தான்.

“என்னாலா லோகா, உங்க அண்ணன் எனக்கு மொத்தமே ரெண்டு நோட்டுதான் எழுதியிருக்காரு. ரெஸ்ட் எண்ணியே நான் கணக்குல ஏ எடுத்துருவேன் போல.”

“அந்த ரெண்டையும் நீ தப்பாத்தான் வாசிக்கிற.”

“ரெண்டுல ரெண்டு தப்பு. சும்மா இல்ல அது, நூறு பெர்சன்ட்.”

ஆறு வாரம் வாசித்தோம். அழகாக இருந்தது, தேவாலயப் பாட்டு மாதிரி. கடைசிப் பக்கத்தில் மூன்றாம் கிளாரினெட் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் கீச்சிட்டார்கள். வீட்டில் போய் வாசித்துப் பாருங்கள் என்று நான் அவர்களை முறைத்தேன். பள்ளி மண்டபத்தில் இசைவிழா அடுத்த சனிக்கிழமை. மறைந்த பழைய மாணவர் முகிலன் விட்டுச்சென்றபடியே என்று டீச்சர் மேடையில் சொல்லப்போவதாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா மதிய ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“லோகா, அந்த எடம் அப்படி இல்லையே.”

கிளாரினெட்டைப் போர்வைக்குள் ஒளித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

“எந்த எடம்மா?”

“மேல போயிட்டுத் திரும்புற எடம். அவன் அங்க கீழ எறக்குவான். நீ என்னமோ பள்ளிக்கூடப் பாட்டாட்டம் வாசிக்கிற.”

“அண்ணன் எப்பம்மா வாசிச்சாரு? அவரு எழுதத்தானே செஞ்சாரு.”

“வாயாலதான். நீ ஸ்கூல்ல இருக்கிறப்ப, குளிக்கிறப்ப, மோட்டார் தொடைக்கிறப்ப. ஒரு மாசமா அதே பாட்டு. கேட்டுக் கேட்டு எனக்கே வந்துருச்சு.”

நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா முனகிக் காட்டினார். ஒரே ஒரு வரி. கோயிலைத் தவிர வேறெங்கும் அம்மா பாடி நான் கேட்டதில்லை. அந்த இடம் வந்தபோது குரல் தானாக இறங்கியது. அம்மாவுக்கு ஃப்ளாட் என்றால் என்ன என்று தெரியாது.

பிறகு கேட்டேன், “நான் பேண்டுக்குப் போறது ஒங்களுக்குத் தெரியுமா?”

“டியூஷன் போயிட்டு வர்ற பிள்ளைக்கு ஒதடு வீங்குமா?”

“அப்பாவுக்கு?”

“அத நீதான் சொல்லணும். நான் மறைச்சதே போதும்.” கையைக் கழுவிவிட்டு எழுந்து போய் உன் கைப்பேசியை எடுத்து வந்து கொடுத்தார். “இதுல இருக்கும் பாரு. அதுலதான் போட்டுப் போட்டுக் கேப்பான்.”

இருந்தது. காற்று, அலை, தூரத்தில் ஒரு பிள்ளை கத்துகிற சத்தம், நடுவில் அந்தக் குழல். மேலே போய்த் திரும்பும் இடத்தில் இறங்கியது. இரண்டாம் முறை வந்தபோதும் இறங்கியது. ஒரு தடவைகூட உயரவில்லை. கடைசியில் நீ பக்கத்தில் யாரிடமோ, “மழ வரப்போவுது, கெளம்பலாம்லா” என்கிறாய். அத்துடன் முடிகிறது.

உன் குரல் கேட்டால் எனக்கு ஏதாவது ஆகும் என்று பயந்திருந்தேன். எதுவும் ஆகவில்லை. ஸ்வரத்தை மட்டும் கேட்டேன். ஏழு தடவை கேட்டேன்.

நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். இந்த மாதிரிப் பாட்டுகளில் அந்த ஸ்வரம் இறங்கித்தான் இருக்குமாம். என் தியரிப் புத்தகத்திலேயே பின்னால் ஒரு பக்கம் இருக்கிறது. பரீட்சைக்கு வராது என்று நான் விட்டுவிட்ட பக்கம்.

இப்போது எனக்கு ஒன்று தெரியவில்லை. எங்காவது ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில், நீ வேண்டுமென்றே அதை உயர்த்தி வைத்திருந்தாயா? யூஃபோனியம் வரும்போது? திரும்ப ஃப்ளூட்டுக்குப் போகும்போது? எனக்கு நினைவில்லை. பார்க்காமலே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டேன். யாரிடம் கேட்பது?

ஞாயிறு முதல் வியாழன் வரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. மண்டபத்தில் எல்லோரும் கை தட்டுவார்கள். ஆனால் மூலையில் உன் பெயர் இருக்கும், கீழே என் தவறு இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. என்னை உறுத்தியது வேறு. உன்னை நானும் அப்பா மாதிரியே நினைத்துவிட்டேன். தூங்காதவன், தப்புத்தான் செய்திருப்பான் என்று. ஒரு தடவைகூட உன்னை நம்பிப் பார்க்கவில்லை. அந்த ஸ்வரம் உயர்ந்தே இருக்கும்வரை நான் அப்படி நினைத்தது அங்கே கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்று பயிற்சிக்கு அரை மணி முன்னதாகப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்துவிட்டாய் என்று சொன்னது பொய், கடைசி இருபத்தெட்டு பார் என்னுடையது, ஸ்வரத்தை மாற்றியது நான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஆறு வாரமாக நானும் கண்டுபிடிக்கவில்லையே என்றார். பிறகு, எல்லோரும் வரட்டும், நீயே சொல் என்றார். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

முப்பத்து மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். மலாயில் சொன்னேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. முடித்ததும் சரவணன் தமிழில் கேட்டான்.

“அப்ப ஆறு வாரமா நாங்க வாசிச்சது ஒன்னோட தப்பையா?”

“ஆமா.”

“நல்லா இருந்துச்சேலா.”

யாரோ சிரித்தார்கள். டீச்சர் பென்சில்களை நீட்டினார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அந்த ஸ்வரத்துக்கு ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு குறி. வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லி எழுத வைத்தேன். ஒரு மணி நேரம் பென்சில் சத்தம்தான். படிவம் ஒன்றுப் பையன் ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டு அழுத்தி அழுத்தி எழுதித் தாளைக் கிழித்துவிட்டான்.

பிறகு வாசித்தோம். பாதிப் பேர் பழக்கத்தில் பழையதையே வாசித்தார்கள். நிறுத்தி, மறுபடி. மூன்றாவது தடவை எல்லோரும் ஒன்றாக இறங்கினார்கள். டியூபா அடியில் நின்றுகொண்டிருக்க, மேலே ஃப்ளூட் போய்த் திரும்பும் இடத்தில் அது இறங்கியது. அதுவரை புத்தகத்தில் இருந்த பாட்டு யாரோ ஒருவர் வாயிலிருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது. மோட்டார் துடைத்துக்கொண்டே பாடுகிற மாதிரி. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் எண்ணுவது கொஞ்ச நேரம் நின்றிருந்தது. அதைப் பிறகுதான் கவனித்தேன்.

அறுபத்து ஐந்து வந்தது. அங்கிருந்து எல்லாம் சரிந்தது. டிரம்பெட்டுகள் ஏறின, ஏறின, கடைசிப் படி இல்லாத மாடிப்படி மாதிரி அந்தரத்தில் நின்றன. உயர்த்திய ஸ்வரத்தை நம்பித்தான் நான் எல்லாவற்றையும் கட்டியிருந்தேன். மூன்றாம் கிளாரினெட் வழக்கம்போலக் கீச்சிட்டது. அப்போதுதான் பார்த்தேன், அந்தப் பிள்ளைகளை எட்டாத உயரத்துக்கு ஏற்றியது நான்தான். நான் அவர்களை நினைக்கவே இல்லை. ஆறு வாரமாக முறைத்துக்கொண்டிருந்தேன்.

“கடைசிப் பக்கம் யாருலா எழுதுனது?” என்று சரவணன் கேட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. குனிந்து ஹார்னிலிருந்து தண்ணீரை வடித்தான். “சரி விடு. திருத்திக் குடு. எனக்கு இன்னும் ரெண்டு நோட்டு சேத்து எழுது, நான் எல்லாத்தையும் மறந்துடுறேன்.”

எல்லோரும் போன பிறகு டீச்சர் என்னை நிறுத்தினார். முடிவை மாற்றித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும் என்றார். நிகழ்ச்சித்தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, வலது மூலையில் இரண்டு பெயரும் வரும் என்றார். வேண்டாம் டீச்சர், அப்பா பார்த்துவிடுவார் என்றேன். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: “தெரியாமல் ஒரு பொய்யை நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தெரிந்து இன்னொன்றைச் சொல்ல மாட்டேன். உன் பெயர் வரக் கூடாது என்றால் பாட்டும் வராது. வீட்டில் பேசிவிட்டு வா.”

பேசாவிட்டால் உன் பாட்டு மேடையில் ஒலிக்காது. பேசினால் அப்பா என்ன செய்வார் என்று தெரியாது. கிளாரினெட்டைப் பிடுங்கிக்கொள்வார். டீச்சருக்குப் போன் போட்டுக் கத்துவார். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஒன்றுமே சொல்லாமல் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்? எனக்கு அதுதான் பயம். நீ போன பிறகு அவர் அப்படித்தான் செய்கிறார்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்வாய்? “சும்மா போயி சொல்லுலா, என்னா கடிச்சா திங்கப் போறாரு” என்பாய். உனக்கு எல்லாமே சும்மாதான்.

முடிவை எப்படி எழுதுவது என்று கொஞ்சம் தெரிகிறது. டிரம்பெட் வேண்டாம். ஏறவும் வேண்டாம். டியூபா நிற்கட்டும், பாட்டு கீழே வந்து அதன் பக்கத்தில் உட்காரட்டும். மூன்றாம் கிளாரினெட்டுக்கு அவர்கள் கைக்கு எட்டுகிற நாலு ஸ்வரம். சரவணனுக்கு இரண்டு. நீ இப்படித்தான் முடித்திருப்பாய் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பதிலாக நினைத்த வரைக்கும் போதும்.

அப்பா நாளை மூன்று மணிக்கு வருவார். அண்ணே, உனக்கு இந்த வாக்கைத் தருகிறேன். உன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் திறந்து வைத்து, கிளாரினெட்டின் ஐந்து துண்டையும் சேர்த்துப் பக்கத்தில் வைத்து, முடிவை எழுதிக்கொண்டிருப்பேன். சாவி திரும்பும் சத்தம் கேட்டால் மூட மாட்டேன். டியூஷன் பொய்யைச் சொல்வேன், மற்றதையும் சொல்வேன். அவர் கத்தினால் கத்தி முடிக்கும்வரை நிற்பேன். அறைக்குள் போனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த இடத்தை இரண்டு விதமாகவும் வாசிப்பேன், முதலில் என்னுடையதை, பிறகு உன்னுடையதை. அதன் பிறகு கதவைப் பார்த்துச் சொல்வேன்: பாலத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதுப்பா, ஆனா இத எழுதுனப்ப அண்ணன் தூங்கல.

பயந்துகொண்டே,
உன் ஒரே தங்கச்சி,
லோகேஸ்வரி